பதினொன்றாம் ஜன்னல்

தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு வந்து நின்றதும், ஜோசப்பின் என்ற கொழுந்துக்காரி தன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொள்வாள். இடது கண்ணை எதிரேயுள்ள தேயிலை ஸ்டோர் என்ற தொழிற்சாலையின் நடுக்கதவில் நிறுத்தி, தலையை அசைக்காமல் மாடி ஜன்னல்களை எண்ணுவாள். இருப்பது பதினெட்டு. அவளுக்குத் தெரிவது பதினொன்று. எண்ணி முடித்த பிறகுதான் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுவாள். ஆறு வருஷமாக இதே வழக்கம். மூடுபனி ஸ்டோரை மறைத்த நாட்களில் அவளுக்கு வேலையே ஓடாது.

பக்கத்து நிரையில் கொழுந்தெடுக்கும் ராசம்மா விடமாட்டாள். "என்னா ஜோசப்பினு, ஜன்னலு எல்லாம் இருக்கா, ஓடிப்போயிருச்சா?"

"பதினொன்னும் அங்கனயேதான் நிக்குது. நீ ஒன் நெரையப் பாரு."

அவளுடைய கண் நோயை முதலில் கண்டுபிடித்ததே ராசம்மாதான். ஜோசப்பின் கைவேகக்காரி. ஆனாலும் அவள் எடுத்துப் போன செடிகளில் இடது ஓரத்துக் கொழுந்து மட்டும் அப்படியே நிற்கத் தொடங்கியது. சோம்பல் என்று கங்காணி ஆண்டியப்பன் ஏசினார். ராசம்மா சில நாள் அந்த ஓரங்களைத் தானே பறித்து ஜோசப்பினின் கூடையில் போட்டாள். பிறகு சொன்னாள்: "ஒனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியலடி. ஆஸ்பத்திரிக்குப் போ."

குளுக்கோமா என்றார் கண்டியில் கண் டொக்டர். கண்ணுக்குள் ஊறும் நீர் வடியாமல், அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருந்தது. சொட்டு மருந்துக்கு அது அடங்காததால், பெரிதாக வெட்டாமல், கண்ணுக்கே தெரியாத குழாய் ஒன்றை உள்ளே வைத்தார். ஜோசப்பின் அதைத் தன் பாஷையில் சொல்வாள். "மலையில தண்ணி ஓடுற கான் அடைச்சா தண்ணி நின்னு மண்ணு சரியும்ல? அப்படித்தான். டொக்டரு சின்னதா ஒரு கான் வெட்டி விட்டாரு." மூன்று போத்தல் மருந்து ஒன்றாகக் குறைந்தது. போன பார்வை திரும்பாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இருப்பது இருக்க வேண்டும் என்பதே அவளுடைய ஜெபமாயிற்று.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை எண்ணிக்கை பத்தில் நின்றது. மறுபடி எண்ணினாள். பத்து. கையை எடுத்துவிட்டு இரு கண்ணாலும் பார்க்கத் துணிவில்லை. "இருக்கு, இருக்கு" என்று ராசம்மாவிடம் முனகிவிட்டு நிரைக்குப் போனாள். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மறுநாள் விடியுமுன் ஹட்டனில் கண்டி பஸ் ஏறினாள்.

கண் அழுத்தம் பதினான்கு, இருக்க வேண்டிய அளவுதான். டொக்டர் அவளை வெளிச்சப் புள்ளிகள் காட்டும் மெஷினில் உட்கார வைத்து, வந்த தாளைப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "அப்ப எப்படியோ அப்படியே இருக்கு அம்மா. குழாய் வச்ச எல்லாருக்கும் பார்வ இவ்வளவு காலம் நிக்கிறதில்ல. மருந்த விட்டுறாதீங்க."

"ஜன்னல் ஒன்னு கொறையுதுங்க ஐயா."

டொக்டருக்கு விளங்கவில்லை. ராசம்மாவுக்கு விளங்கியது. புதன்கிழமை பெரட்டில் கதையைக் கேட்டவள், ஸ்டோரை ஏறிட்டுப் பார்த்து இடுப்பில் கை வைத்தாள். "அடிப் பாவி மகளே, காத்துல ஒடஞ்ச ஜன்னலுக்குத் தகரம் அடிச்சு, செவுத்துப் பெயின்டையே பூசிட்டாங்க. அதுக்கா கண்டிக்குப் போன?"

ஜோசப்பின் இரு கண்ணாலும் வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் சிரித்தாள்.

இப்போதும் எண்ணுகிறாள். நிரையில் இறங்கியதும், செடிக்குச் செடி கழுத்தை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி, ஓரத்துக் கொழுந்தையும் கிள்ளிக்கொண்டு நகர்கிறாள். இன்று காலை பத்து ஜன்னல், ஒரு தகரம்.