அண்ணன் வைத்த வடிகுழாய்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்குப் பேச்சு வராது. அதனால் சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுக்கிறேன்.

அண்ணன் பிறந்தது பனவடலிசத்திரத்தில். மழையை நம்பிய கரிசல் காடு எங்கள் வீட்டுக்குப் போதாது என்று தெரிந்ததும், எட்டாம் வகுப்பை விட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அப்பா இறந்த பிறகு என்னை வளர்த்தது அவர்தான். சொந்தமாகப் பட்டறை போட்ட அன்றே என்னையும் கூட்டிக்கொண்டார். ஒருவரையும் அவர் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

நம் பக்கத்து ஓட்டுநர்கள் ரேடியேட்டருக்கு, இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலன்ட் ஊற்றுவதைவிட போர்வெல் தண்ணீர் ஊற்றுவதே அதிகம். அந்த உப்பு உள்ளே வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். அதைக் கம்பி விட்டுக் குத்தி எடுப்பதிலேயே அண்ணனுக்குப் பாதி நாள் போகும். பழையதை வடித்துவிட்டு நல்ல கூலன்ட் ஊற்றுங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவார். யாரும் கேட்பதில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. வடிக்கிற திருகு ரேடியேட்டரின் அடியில் இருக்கும். வண்டிக்குக் கீழே மல்லாந்து படுத்து, கை நுழையாத இடத்தில் அதைத் திருக வேண்டும். இறுகிக் கிடப்பது சட்டென்று விடும்போது சுடுதண்ணீர் மேலே கொட்டும். அண்ணன் கழுத்தில் இருந்த தழும்பு அப்படி வந்ததுதான்.

அதற்கு அவரே ஒரு வழி கண்டார். அடித்திருகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டைப் பற்றவைத்தார். அதிலிருந்து ரப்பர் ஹோஸை வண்டியின் இடது பக்கப் படிக்குப் பின்னால் கொண்டுவந்து, நுனியில் கைப்பிடி வைத்த வால்வு ஒன்றை மாட்டினார். கேனை வைத்துக் கைப்பிடியைத் திருப்பினால் போதும். படுக்க வேண்டாம். ஒரு சொட்டும் தெருவில் விழாது. கூலன்ட் இனிக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும் என்று அதிலும் கவனமாக இருப்பார். ஓட்டுநர்கள் தேடி வந்து அந்தக் குழாயை வைத்துக்கொண்டார்கள்.

ஓட்டத்தில் கல் தட்டிக் கைப்பிடி திறந்துவிடாமலிருக்க, அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது.

அண்ணியின் அண்ணனை நாங்கள் அத்தான் என்போம். ஒரு வேன்தான் அவருடைய பிழைப்பு. அதிலும் அண்ணன் குழாய் வைத்திருந்தார். கூலன்ட் மாற்ற முந்தின நாள் விட்டிருந்த வேனை எடுக்க வந்தபோது, பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் வளைகாப்புக்குப் போகிற பெண்களையும் பட்டறைக்கே வரச் சொல்லியிருந்தார். அண்ணன் ஒரு லாரிக்கு அடியில் கிடந்தார். கம்பியைக் கட்டி அனுப்பிவிடு என்று அங்கிருந்தே சொன்னார். நான் கம்பியோடு போனேன். படியிலும் படிக்குப் பக்கத்திலும் பட்டுச் சேலை கட்டிய பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காலடியில் உட்கார்ந்து தலையை நுழைக்க வேண்டும். தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்ததும் கட்டிக்கொள்ளலாம் என்று கம்பியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மத்தியானம் அத்தான் யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினார். திருவேங்கடத்துக்கு முன்னாலேயே வண்டி புகைந்து, இன்ஜின் ஜாம் ஆகி நின்றுவிட்டது.

“குழா தொறந்து கெடக்கு மாப்ள. சொட்டுத் தண்ணி இல்ல.”

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“கம்பி கட்டுனியாலே?”

“கட்டுனேன்ணே.”

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. அத்தான் பக்கம் திரும்பி, “அப்பம் நான் வச்ச இடந்தான் தப்பு. கம்பியே அத்துப் போயிருக்கு” என்றார்.

அத்தான் அந்த வேனை வந்த விலைக்கு விற்றுவிட்டு, வேறொருவரிடம் ஓட்டுநராகப் போனார். அதன்பின் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அண்ணி தன் பிறந்த வீட்டு விசேஷங்களுக்குத் தனியாகவே போய் வந்தார். வேன் ஸ்டாண்டில் அண்ணனைப் பார்த்து, “அண்ணாச்சி, நம்ம வண்டியில குழா கிழா வச்சிராதியும்” என்று கேலி செய்தார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார்.

பிறகு, குழாய் வைத்த வண்டிகளை ஒவ்வொன்றாக வரச் சொல்லிக் கழற்றினார். ஒரு லோடு வேன்காரர் சண்டைக்கே வந்துவிட்டார்.

“நல்லாத்தானவே இருக்கு. எதுக்குப் பிடுங்குதீரு?”

“என் மனசு கேக்கல வே” என்றார் அண்ணன்.

நான்தான் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வண்டிக்கும் இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். வண்டி போய்விடும். அண்ணன் மறுபடி சாக்கை விரித்து வண்டிகளுக்கு அடியில் படுக்கத் தொடங்கினார். முதுகு வலி வந்து, எழுவதற்கு என் கையைப் பிடிப்பார். அப்போதும் சொல்லவில்லை.

போன ஆண்டு பக்கவாதம் வந்து அண்ணனுக்குப் பேச்சு நின்றுபோனது. ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கூடவே இருந்தேன். நாலாம் நாள் காதருகே குனிந்து, “அண்ணே, நான் கட்டலண்ணே” என்று சொன்னேன். கண் திறந்துதான் இருந்தது. என்னையே பார்த்தார். கேட்டதா, விளங்கியதா என்று எனக்குத் தெரியவில்லை. நர்ஸ் அம்மாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். பிறகு ஏழு நாளும் அந்த முகத்தைப் பார்த்தபடியே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அண்ணி சொன்னார்.

“எங்கன தப்பு விட்டேன்னு தெரியலயேன்னு படுக்கையில கெடந்து சொல்லுவாவ தம்பி. பேச்சு நிக்குத வரைக்கும் சொன்னாவ.”

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடட்டுமா என்று கேட்டேன்.

“போடுங்க. எங்கண்ணனுக்குத் தபால்ல அனுப்பாண்டாம். நீங்களே கொண்டு குடுங்க.”

அண்ணனின் கடைசி நாட்களில் சாப்பாடு கொண்டுவந்த பட்டறை வரிசைக்காரர்களுக்கும், சவாரியை விட்டுவிட்டு வந்து நின்ற ஓட்டுநர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இத்தனை வருடக் கோபத்தை மறந்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அண்ணன் வைத்த குழாயில் ஒரு குறையும் கிடையாது என்பதை மட்டும் நீங்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அத்தானின் பிரதியைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவர்களுக்குக் கிடைக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய்க் கொடுப்பேன். அவர் வாசித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.