காய்ந்த வாய்க்காலை வீட்டிலிருந்து காட்டினேன்

எங்கள் நிலம் வாய்க்காலின் கடைசியில் இருக்கிறது. அந்த வருடம் நாற்று நடாமல் நேரடியாக விதைத்து முளைத்த நெல் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. பாசன அலுவலகத்தில் போய்க் கேட்டேன்.

"கடைமடை வரைக்கும் தண்ணி போயிடுச்சும்மா" என்று பொறியாளர் பதிவேட்டைக் காட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கணவர் குவைத்தில். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அந்தப் பக்கம்தான். அவர்கள் பார்க்கட்டும் என்று காய்ந்த வாய்க்காலைப் படம் எடுத்து ஒரு இலவச இணையதளத்தில் போட்டேன். எவனோ புகார் கொடுத்தான், தளக்காரர்கள் இரண்டே நாளில் படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

சரி, சொந்தமாக ஒரு தளம் செய்து என் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைக்கிறேன், எவன் வந்து எடுப்பான் என்று உட்கார்ந்தேன். டெலிபோன் லைனில் பிராட்பேண்ட் அப்போதுதான் வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன் கும்பகோணத்தில் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸ் ஒரு வாரம் உதவியது. பிறகுதான் தொல்லை. மோடம் அணைந்து மறுபடி எரிந்தால் எங்கள் இணைப்பின் இணைய முகவரி எண் மாறிவிடும்; பழைய எண்ணை வைத்திருந்தவர்களுக்குத் தளம் திறக்காது. மின்வெட்டு போதாதென்று என் மாமியார் வேறு ஸ்விட்சை அணைப்பார்.

"ஆளில்லாத ரூம்ல பொட்டி எதுக்கு ஓடுது? கரன்ட்டு என்ன உங்கப்பன் வீட்டுதா?"

"அணைச்சா நம்ம வயலு குவைத்துல தெரியாது அத்தை."

"வயலு இங்கதான கெடக்கு? அவனை வந்து பாக்கச் சொல்லு!"

எண் மாறினாலும் தளத்தின் பெயர் மாறாதபடி இணையத்தில் ஒரு சேவையில் பதிந்தேன். மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி வாங்கினேன். ஸ்விட்சைக் கழற்றி ஒயரை நேராக முறுக்கி டேப் ஒட்டினேன். அத்தை ஒரு வாரம் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

தினமும் காலையில் வெடித்த வாய்க்கால் தரையில் அன்றைய செய்தித்தாளை விரித்துப் படம் எடுத்துத் தளத்தில் போட்டேன். பழைய படம் என்று சொல்ல எவனுக்கும் வாயிருக்கக் கூடாது. எங்கள் தெரு ஆண்கள் அதைப் பார்த்து, வெளிநாட்டிலிருந்து ஒவ்வொருவராக அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள்.

பொறியாளர் என்னை அழைத்தார். "அந்தப் படத்தையெல்லாம் எடுத்துடுங்கம்மா. மேலேருந்து கேக்குறாங்க. தண்ணி விடச் சொல்றேன்."

"மொதல்ல தண்ணி விடுங்க சார். வந்தா அதையும் போடுறேன்."

அவர் அழைத்த நான்காம் நாள் மதகைத் திறந்தார்கள். அதற்குள் எங்கள் வயலின் மேட்டுப் பக்கத்துப் பயிர் கருகிவிட்டது. ஓடும் தண்ணீரையும் கருகிய பயிரையும் அருகருகே போட்டேன். பழைய படம் ஒன்றையும் தளத்திலிருந்து நீக்கவில்லை.