டி டிரைவுல இருந்த அண்ணன் கொரலு

அண்ணன் பைக்ல அடிபட்டு போய்ட்ட பிறகு, திண்டிவனத்துல இருந்த அவன் வீடியோ கடைய நான்தான் பாத்துக்கினேன். எட்டாவதோட நின்னவ நான். கட் பண்றது, பாட்டு சேக்கறது, டிவிடி போட்றது எல்லாம் அவன் பக்கத்துல ஒக்காந்து பாத்து கத்துக்கினதுதான்.

அவன் கடைசியா எடுத்தது மயிலத்துல ஒரு கல்யாணம். பொண்ணு வீட்டுக்காரங்க டிவிடி கேட்டுக்கினே இருந்தாங்க. கம்ப்யூட்டர்ல எல்லாத்தயும் சேத்து ஓட உட்டா பாதியில நின்னுபோச்சி. டி டிரைவுல எடம் இல்லியாம்.

எப்பவும் டிவிடி குடுத்த ஒடனே கம்ப்யூட்டர்ல ஏத்துன ஒரிஜினல அழிச்சிடுவோம். கேசட்டு மேலயே அடுத்த கல்யாணத்த எடுத்துடுவோம். அவன் போன பிறகு என்னால ஒண்ணையும் அழிக்க முடியல. கேமரா புடிக்கிறவன் படத்துல வரமாட்டான் இல்ல? கொரலுதான் கேக்கும். "மாமா, இப்டி திரும்புங்க." "யக்கா, அந்த பூவ தள்ளிக்கோங்க." டிவிடில அது மேல பாட்டு போட்ருவோம். ஒரிஜினல்லதான் அவன் பேசறான்.

விழுப்புரத்துல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்றவருக்கு போன் போட்டேன். அண்ணனோட தோஸ்து. கல்யாண சீசன்ல எங்களுக்கு லைட் புடிக்கவும் வருவாரு. வந்து பாத்தாரு.

"ஏம்மா, இவ்ளோ குப்பய வெச்சிக்கினு எடம் இல்லன்னா எப்டி? டெலீட் பண்ணு."

"குப்ப இல்லண்ணா. அவன் பேசறது அதுலதான் இருக்குது."

அவரு மவுஸ கைல எடுத்தாரு. அப்பறம் என்னத்தயோ தொறந்தாரு. ஸ்க்ரீன்ல பட்ட பட்டயா வந்துச்சி. நீலமா சி, நீலமா டி, டிய ஒட்டுனாப்ல கறுப்பா ஒண்ணு.

"உங்க அண்ணன் சோம்பேறித்தனத்த பாரு. பெரிய டிஸ்க்கு மாட்டிட்டு கடைசி துண்ட பிரிக்காமயே உட்டு வெச்சிக்கிறான். சும்மா கெடக்குது. டியோட சேத்துடலாம்."

"சேத்தா உள்ள இருக்கறது போய்டாதே?"

"போவாது. நடுவுல கரண்ட் போச்சின்னாதான் பேஜாரு."

சொல்லி வாய மூடல, கரண்ட் போச்சி. எங்க யூபிஎஸ் வேற செத்து கெடந்துச்சி. காப்பி எடுத்து வெச்சிக்க இன்னொரு டிஸ்க்கும் கெடையாது. நல்ல வேள, அவரு இன்னும் சேக்க ஆரம்பிக்கல. ரெண்டு பேரும் டீ குடிச்சிக்கினு ஒக்காந்தோம்.

கரண்ட் வந்ததும் அவரு, "இப்ப ஜல்தியா பண்ணிடணும்"னாரு. எனக்கு பாக்க தெம்பு இல்ல. வெளிய போவலாம்னு செருப்ப மாட்றேன்.

"எங்க போற? முடிஞ்சிடுச்சி."

"பொய் சொல்லாதீங்கண்ணா."

"நெக்ஸ்ட்டு, நெக்ஸ்ட்டு, பினிஷ். அவ்ளோதான். வந்து பாரு."

கறுப்பு பட்டய காணோம். டி நீளமா இருந்துச்சி. போல்டர் எல்லாம் அப்டியே இருந்துச்சி. தலயில இருந்து மூட்டய எறக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சி. மயிலத்து வேலய ஓட உட்டேன். இந்த தடவ நிக்கவே இல்ல. ஆனாலும் மனசு கேக்காம ஒரு ஒரிஜினல தட்டி பாத்தேன்.

"டேய் தடியா, லைட்ட தூக்குடா! பொண்ணு மூஞ்சி இருட்டா கீது. தூங்கிக்கினே வந்தியா?"

அண்ணன்தான்.

"என்னயதான் திட்றான், பாவி"ன்னு அவரு சிரிச்சாரு. நானும் சிரிச்சிட்டேன். கண்ணுல தண்ணி வந்துக்கினே இருக்குது, சிரிப்பு மட்டும் நிக்கல.

அவரு மூக்க தொடச்சிக்கினு சேர் ஒண்ண இழுத்து போட்டாரு.

"திரும்ப போடும்மா. இன்னும் கொஞ்சம் திட்டட்டும்."