பழைய இறக்கை, புதிய இயந்திரம்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதால்தான் அந்த வருஷம் நான் கண்டிக்கு வந்தேன். பேராதனையில் பொறியியல் படித்துவிட்டு மேற்படிப்புக்கு இங்கிலாந்து போய், அங்கேயே ஒரு விமானத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விமானத்தின் உடற்பகுதி எவ்வளவு பாரத்தைத் தாங்கும், எங்கே முதலில் விரிசல் விடும் என்று கணக்குப் பார்ப்பது எங்கள் பிரிவின் வேலை. லீவு கேட்டேன், கொடுத்தார்கள். ஆனால் கேட்டிருக்கக்கூடாத நேரம் அது. வருஷக்கணக்காக நாங்கள் உழைத்த புது விமானம் முதல்தடவை பறப்பதற்குத் தயாராகிக்கொண்டிருந்தது.

ஹந்தானை மலைக்கு ஏறும் ரோட்டில் எங்கள் வீடு. அப்பா நகரசபையில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டு அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். அண்ணா டவுனில் ஒரு பேங்கில் வேலை பார்த்தார். அண்ணி யாழ்ப்பாணத்துப் பெண். கண்டிக்கு ஆசிரியையாக வந்த இடத்தில் அண்ணாவைக் கல்யாணம் செய்துகொண்டவர். எங்கள் வீட்டுக்கு வந்து பல வருஷமாகியும் அவருடைய பேச்சு மாறவில்லை. நாங்கள் "ஆமா" என்போம், அவர் "ஓம்" என்பார்.

வந்த முதல் வாரம் அப்பாவைப் பார்த்துக்கொள்வதில் போனது. அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் அவருக்கு உடம்பு துடைத்து, சாப்பாடு கொடுத்து, கட்டிலைத் தட்டிப் போட்டதும் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. முன்னறையிலிருந்து அடுப்படிக்கும் அடுப்படியிலிருந்து பின்வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். அலுமாரியைத் திறந்து, எதற்குத் திறந்தேன் என்று தெரியாமல் மூடுவேன். ஒருநாள் காரணமே இல்லாமல் டவுனுக்கு இறங்கி கலஹா பஸ்ஸில் ஏறினேன். கடைசித் தரிப்பில் இறங்கி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். எங்கே போனாய் தங்கச்சி என்று அண்ணா கேட்டபோது, தேத்தண்ணி குடிக்க என்றேன்.

தபால் கந்தோருக்குப் போய் இங்கிலாந்துக்கு அழைப்புப் பதிவு செய்வேன். சில நாள் இணைப்புக் கிடைக்கும், பல நாள் கிடைக்காது. கிடைத்தாலும் என் பக்கத்து மேசையில் வேலை செய்யும் ஸ்கொட்லாந்துக்காரர், இன்னும் இல்லை, என்ஜினைத் தரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள், என்ஜின் முன்னால் சுற்றும் சுழலியில் ஏதோ அதிர்வு இருக்கிறது என்று மட்டும் சொல்லுவார். அந்த அதிர்வு எப்படிப்பட்டது, எந்த வேகத்தில் வருகிறது, உடற்பகுதி வரைக்கும் வருகிறதா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். மலையேறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தக் கேள்விகளையே எனக்குள் கேட்டுக்கொண்டு வருவேன்.

இதற்கிடையில் அண்ணா எனக்குத் தெரியாமல் பேராதனையில் ஒரு பேராசிரியரோடு பேசியிருந்தார். பொறியியல் பீடத்தில் விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பித்தால் கிடைக்கும் என்று அவர் சொன்னாராம். அப்பாவும் அதைக் கேட்டிருந்தார். நான் தலையணையைச் சரிசெய்யக் குனியும்போதெல்லாம் என் முகத்தையே பார்ப்பார்.

ஒரு நாள் பின்வாசலில் அண்ணி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கொடியை உயர்த்தும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெற்கிலிருந்து ஒரு விமானச் சத்தம் வந்தது. விசில் அடிப்பதுபோன்ற கூரிய கீச்சொலி. பார்க்காமலே தெரிந்துவிட்டது. நாங்கள் செய்துகொண்டிருந்த விமானத்தின் முந்தைய தலைமுறை அது. மேகத்துக்கு இடையில் ஒரு நொடி தெரிந்தது. தாழ இணைத்த இறக்கை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு என்ஜின். எனக்கு மனசு பூரித்துவிட்டது. அண்ணி கையிலிருந்த சேலையைத் திரும்பவும் வாளிக்குள் போட்டுவிட்டு, அது போகும் வடக்குத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய முகத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. வெகு நாளாகப் பேச ஆளில்லாமல் இருந்தவள் பேசத் தொடங்கிவிட்டேன். அந்த விமானம் பிறந்த கதையைச் சொன்னேன். உலகப்போர் முடிந்த பிறகு மிச்சமிருந்த பழைய இரட்டை என்ஜின் விமானங்களைத்தான் சின்ன நாடுகளெல்லாம் வைத்து ஓட்டின. அவை தேய்ந்துபோகும், அப்போது வேறொன்று தேவைப்படும் என்று எங்கள் தொழிற்சாலைக்காரர்கள் கணக்குப்போட்டார்கள். அதே சமயம் இங்கிலாந்து அரசாங்கம், இனி ஆள் ஓட்டும் போர் விமானங்கள் அவ்வளவாக வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேலை இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் பயணிகள் விமானத்துக்குத் திரும்பினார்கள். முதலில் வரைந்தது மிகச் சின்னது, இறக்கை உடம்புக்கு மேலே இருந்தது. யாரும் வாங்க முன்வரவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பெரிதாக்கி, இறக்கையைக் கீழே கொண்டுவந்து மறுபடி வரைந்தார்கள். இறக்கை கீழே இருந்தால் சக்கரக் கால்கள் கட்டையாக இருக்கலாம், ஏணி இல்லாமலே நின்று பழுதுபார்க்கலாம். புல்தரையிலும் மண்தரையிலும் இறங்கலாம். ஜெட்டைப்போல எரிபொருளை எரித்துச் சுழலும் என்ஜின்தான், ஆனால் அந்த விசை முன்னாலிருக்கும் சுழலியைத் திருப்பும். அதனால்தான் அந்தக் கீச்சொலி. பிறகு என்ஜினைப் பலமாக்கி இரண்டாவது வகை செய்தார்கள், இறக்கை நுனியை நீட்டி இன்னொரு வகை செய்தார்கள். இந்தியாவிலும் உரிமம் வாங்கிக் கட்டினார்கள்.

இப்போது நாங்கள் செய்வது அதனுடைய அடுத்த தலைமுறை என்றேன். இறக்கை ஏறக்குறைய பழையதுதான். உடம்பை முன்னும் பின்னும் வளையம் வளையமாகச் சேர்த்து நீட்டியிருக்கிறோம், அந்த வளையங்களில் சிலது என்னுடைய கணக்கு. என்ஜின் முழுக்கப் புதிது. சுழலிக்கு ஆறு இதழ், மெதுவாகச் சுழலும், இந்த மாதிரிக் கத்தாது.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டார். விமானம் மறைந்து வெகுநேரமாகியிருந்தது.

"மச்சாள், இப்ப போன பிளேனில ஆமிக்காரர்தான் போறவை. அது யாழ்ப்பாணத்தில, பலாலித் தளத்தில இறங்கினா அடுத்த நாள் என்ன நடக்கும் எண்டு எங்கட அம்மா பயந்துகொண்டு இருப்பா. அதை நீங்கள் செய்தது எண்டு எனக்குத் தெரியாது."

நான் செய்ததில்லை, அது செய்யப்படும்போது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனேன். அன்றைக்கு முழுவதும் அண்ணி என்னோடு வழக்கம்போலவே பேசினார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சில நாளில் யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வந்தது. அண்ணியின் அம்மாவுக்குக் கடுமையான சுகவீனம், தனியாக இருக்கிறார். அப்போது தண்டவாளத்தில் குண்டு வெடித்து ரயில் ஓடவில்லை. பஸ்ஸில் போனவர்கள் வழியில் இறக்கப்பட்ட கதைகள் தினமும் வந்துகொண்டிருந்தன. அந்தப் படை விமானத்தில் சில ஆசனங்களைப் பொதுமக்களுக்கும் கொடுக்கிறார்கள் என்று அண்ணா விசாரித்துக்கொண்டு வந்தார். சொல்லிவிட்டு, சொன்னதற்காகவே வருத்தப்பட்டார். அதில் அண்ணியை அனுப்ப அவருக்கு மனசில்லை. சுட்டு விழுத்துவார்கள் என்றார், இறங்கிய இடத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்றார், ஒரு வாரம் பொறுத்தால் ரயில் ஓடும் என்றார்.

அண்ணி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மச்சாள், அது விழாதுதானே?"

ஒரு பொறியியலாளரிடம் கேட்கும் கேள்வியாகத்தான் கேட்டார். நான் வேகமாக யோசித்தேன். அந்த இறக்கையை வடிவமைத்தவர்கள், ஒரு பகுதி விரிசல் விட்டாலும் மற்றப் பகுதி பாரத்தைத் தாங்கும்படி செய்திருந்தார்கள். ஒரு என்ஜின் நின்றால் மற்றதில் பறக்கும். அதெல்லாம் எனக்கு மனப்பாடம். துப்பாக்கிக்கு யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை.

"தன்பாட்டில விழாது அண்ணி," என்றேன். "மத்தது எனக்குத் தெரியாது."

"அது போதும்," என்றார்.

நானும் அவரோடு கொழும்புக்கு இறங்கினேன். விமானத்தளத்தின் வாசலில் பையைக் கொட்டிச் சோதித்தார்கள். பயணம் செய்பவர்களுக்கு மட்டும்தான் உள்ளே அனுமதி. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வருஷக்கணக்காக அதனுடைய வரைபடங்களோடு வாழ்ந்திருந்தும், அதை அவ்வளவு கிட்டத்தில் ஓடும் நிலையில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. பெயின்ட் உதிர்ந்து, வயிற்றுப்பக்கம் ஒட்டுத்தகடு வைத்து, என்ஜின் மூடியில் புகைக்கரி படிந்து நின்றது. சிப்பாய்கள் வரிசையாக ஏறினார்கள். பிறகு சில வயதானவர்கள், ஒரு பாதிரியார், அண்ணி. படியில் ஏறும்போது திரும்பிப் பார்ப்பார் என்று காத்திருந்தேன். பார்க்கவில்லை. கீச்சொலி எழுந்து, காதைத் துளைத்து, ஓடி மேலேறிப் போனது.

கண்டிக்குத் திரும்பிய பிறகு முன்பிருந்த தவிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆனது. அண்ணா பேங்கிலிருந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நிற்பார். வானொலிச் செய்தியை மூன்று மொழியிலும் கேட்டோம். விமானச் சத்தம் வந்தால் இரண்டு பேரும் பின்வாசலுக்கு ஓடுவோம், வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்று பார்க்க. அப்பா கட்டிலிலிருந்தே, எந்தப் பக்கம் என்று கேட்பார். போய்ச் சேர்ந்தாரா என்பதுகூடத் தெரியாது. அங்கிருந்து தந்தியும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில் பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, எங்களுக்கு டெலிபோன் வந்திருக்கிறது, வெளிநாட்டிலிருந்து என்றான். அவர்கள் வீட்டு நம்பரைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தோம். நான் "வெளிநாடு" என்ற சொல்லைக் காதில் வாங்கவில்லை. அண்ணியாகத்தான் இருக்கும் என்று செருப்பில்லாமல் ஓடினேன்.

ஸ்கொட்லாந்துக்காரர். பறந்துவிட்டது என்று கத்தினார். பின்னால் ஆட்கள் கைதட்டுவதும் சிரிப்பதும் கேட்டது. மழை விட்ட நேரம் பார்த்து எழும்பியது, ஆடாமல் அசையாமல் போய் வந்தது, உன்னுடைய வளையங்கள் பத்திரம் என்றார். நான் நன்றி சொன்னேன். சந்தோஷமா என்று கேட்டார், ஆமாம் என்றேன். டெலிபோனை வைத்துவிட்டு அங்கேயே ஒரு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ மாதம் அந்தச் செய்தியைக் கேட்பதற்காகத்தான் உயிரோடிருப்பதுபோல இருந்தேன். கேட்டபோது, இது அண்ணி இல்லையே என்பதைத் தவிர வேறொன்றும் மனசில் ஏறவில்லை.

அண்ணி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் வந்து இறங்கினார். வாடகைக் காரிலிருந்து முதலில் அவர் இறங்கி, பிறகு தன் அம்மாவை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார். அண்ணா படியில் நின்றபடியே அழுதார்.

திரும்பி வரும்போதும் அதே விமானம்தானாம். எதிரில் இருந்த சிப்பாய் ஒருவன் வாந்தியெடுத்து வெட்கப்பட்டானாம். அண்ணியின் அம்மா மடியிலிருந்த தேசிக்காயைக் கொடுத்து, அந்தப் புளிப்பு வாசனைக்குக் குமட்டல் நிற்கும் என்று முகரச் சொன்னாராம். அவன் தலையைக் குனிந்து சிங்களத்தில் ஏதோ சொன்னான், என்ஜின் சத்தத்தில் அது விளங்கவில்லை என்றார் அண்ணி. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்கள் சொன்ன மாதிரித்தான். சரியாக் கத்துது. ஆனா கொண்டுவந்து விட்டுட்டுது."

லீவு முடியப்போன சமயம், நான் பேராதனை வேலைக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை என்று சொன்னேன். அண்ணா கோபப்பட்டார். அப்பா, போகட்டும் விடு, இங்கே இருந்தால் சுவரில் முட்டிக்கொள்வாள் என்றார்.

திரும்பிப் போய் அந்த விமானத்தோடு இன்னும் பல வருஷம் இருந்தேன். அது நல்ல விமானம். ஆனால் நினைத்ததுபோல விற்கவில்லை. போட்டியாளர்களுடையது வேகமாகப் போனது, மலிவாக ஓடியது. பழைய உடம்பை நீட்டியதால் வந்த பாரம் எங்களுடையதை அப்படிப் போக விடவில்லை. பெயரை மாற்றிப் பார்த்தார்கள், பலமான என்ஜின் வைத்து இன்னொரு வகைக்கும் வேலை தொடங்கினோம். அதற்கும் நான் கணக்குப் போட்டேன். பிறகு ஒரு நாள் மேலிடம் போட்டி நிறுவனத்தோடு கைகோத்தது. ஒரே கடையில் ஒரே அளவு விமானம் இரண்டு எதற்கு என்று எங்களுடையதை நிறுத்தினார்கள். கட்டி முடிக்காத உடற்பகுதிகள் கூடத்தில் வரிசையாக நின்றன. எங்கள் பிரிவைக் கலைத்தார்கள். அப்பா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கண்டிக்கு வந்து, வேண்டாம் என்று சொன்ன அதே பீடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவேன். மற்ற நேரத்தில் பழையபடி அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருப்பேன். அண்ணி பார்த்துச் சிரிப்பார்.

நெடுநாள் கழித்து ஸ்கொட்லாந்துக்காரரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிச்சமிருந்த விமானங்களின் ஆசனங்களைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றப்போகிறார்கள், அதற்கு உடம்பின் பின்பக்கம் வெட்டிப் பெரிய கதவு வைக்கவேண்டும். வெட்டும் இடம் என்னுடைய வளையங்கள் இருக்கும் இடம். அந்தக் கணக்கை மறுபடி பார்க்கத் தெரிந்த ஆள் வேறு யாரும் அகப்படவில்லை, பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையைக் காலிசெய்து உட்கார்ந்தேன். அந்த வாரங்களில் நான் எழுந்து நடக்கவேயில்லை என்று அண்ணி பிறகு சொன்னார். எங்கே தடிப்பைக் கூட்டவேண்டும், எங்கே வெட்டக்கூடாது என்று குறித்து அனுப்பினேன். கதவு வைத்தார்கள். பறக்கவிட்டுப் பார்த்தார்கள். வட ஐரோப்பாவில் அவை பொதி சுமந்துகொண்டிருப்பதாக எழுதினார். படித்துவிட்டு மேசையைத் துடைத்து, குடையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.