பரமபத அட்டையோடு போன வாத்தியார்

இன்று கீரனூரில் பஸ் ஏறியதும் பக்கத்து இருக்கையில் ஒரு பத்தாம் வகுப்பு ஆசிரியர். மடியில் சுருட்டிய பெரிய அட்டை. விரித்துக் காட்டினார். அவரே வரைந்த பரமபதம். கட்டத்துக்கு ஒரு பாடக் கேள்வி. சரியாகச் சொன்னால் ஏணி, தவறினால் பாம்பு.

"மணி அடிச்சாலும் புள்ளைங்க எந்திரிக்க மாட்டாங்க சார்."

போன வாரம் பொதுத் தேர்வில் வினாத்தாளைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம். பாதிக்கு மேல் அட்டையில் இருந்த கேள்விகள். வினாத்தாள் முன்பே அவர் கைக்கு வந்ததா என்று இப்போது விசாரணை.

"பழைய வினாத்தாளுங்களப் பாத்துத்தான் எழுதுனேன். நம்புவாங்களா?"

"நம்பலைன்னா?"

"வேலை போயிரும்."

இறங்கி அவருடன் கல்வி அலுவலகம் வரை நடந்தேன். வாசலிலேயே பியூன் நின்றிருந்தார்.

"பரமபத வாத்தியார் நீங்கதானா? உள்ள ரெண்டு அய்யாமாரு காத்திருக்காங்க. அட்டையக் குடுங்க."

கொடுத்தார். உள்ளே போன பியூன் உடனே திரும்பி வந்தார்.

"தாயக்கட்டையையும் கேக்குறாங்க."

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் வெளியே நிற்க, கதவு சாத்தப்பட்டது. நான் கிளம்பும்வரை திறக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பதில் தெரிந்ததற்கே இந்த விசாரணை. தெரியாமல் விழித்திருந்தால் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்? ஆசிரியராக இருப்பவர்கள் எழுதுங்கள்.