பன்னிரண்டு அடி வாசலில் குனிந்தேன்

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். அலுவலகம் முடிந்து, குரோம்பேட்டை ஸ்டேஷனில் தாம்பரம் ரயிலுக்காக நின்றிருந்தேன். தோளில் கேமரா பையுடன் ஒரு பெண் தயங்கித் தயங்கி அருகில் வந்தாள். பழைய கட்டடங்களுக்குள் மனிதர்களை நிறுத்திப் படம் எடுப்பவளாம். "உங்க உயரம் எனக்கு வேணும்கா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நான் ஆறடி. பள்ளித் தோழிகளில் ஆரம்பித்து, பெண் பார்க்க வந்தவர்கள் வரை எல்லோரும் சொல்லிக் காட்டியது அதைத்தான். குடும்ப போட்டோ என்றால் அம்மா என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார். கூன் போட்டே நடந்து பழகிவிட்டேன்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் செல்போனில் காட்டிய ஒரு படம் மனதை விட்டுப் போகவில்லை. வயிற்றில் ஆபரேஷன் தழும்பு தெரிய, ஒரு பெண் கல்தூணில் சாய்ந்து ராணி மாதிரி நின்றிருந்தாள். மறுநாள் அவள் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு நானே போன் செய்தேன்.

பல்லாவரம் பக்கம், வெள்ளைக்காரர் காலத்து பங்களா அது. உரிமையாளரிடம் அவள் அனுமதி வாங்கியிருந்தாள். வெளியிலிருந்து வாசலைத் தாண்டி உள்ளே நடந்து வரச் சொன்னாள். வந்தேன். அவள் கேமராவை இறக்கிவிட்டாள்.

"அக்கா, இது பன்னெண்டு அடி வாசல். எதுக்குக் குனியறீங்க?"

சிரிப்புதான் வந்தது. சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. திரும்ப வெளியே போய், முதுகை நிமிர்த்தி, கைகள் இரண்டையும் விரித்துக்கொண்டு நடந்து வந்தேன். அப்போதும் வாசலில் இடம் மீதியிருந்தது.

அந்தப் படத்தை என் உயரத்துக்கே பெரிதாக்கிக் கண்காட்சியில் வைத்தாள். அம்மாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். படத்தின் முன் நின்ற அம்மா அதை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்தில் ஒருவர் தன் நண்பரிடம், "இவ்ளோ ஹைட்டாவா ஒரு பொண்ணு இருக்கும்? கேமரா ட்ரிக் சார்" என்றார்.

அம்மாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை கோபம் வந்ததோ!

"ட்ரிக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இவ என் பொண்ணு. வாடி, இப்படி வந்து நில்லு. நல்லா பார்த்துக்கட்டும்!"

என் கையைப் பிடித்து இழுத்துப் படத்தின் பக்கத்தில் நிறுத்தினார். அந்த மனிதர் அசடு வழிந்தார். அப்புறம் என்னோடு ஒரு செல்ஃபி கேட்டார். நான் நிமிர்ந்தே நின்றேன்; அவர்தான் எட்டி எட்டி எடுத்தார். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்றும் மின்சார ரயிலில் யாராவது என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும், இது என் உடம்பு, இதில் இப்போதுதான் நான் கால் நீட்டித் தாராளமாகக் குடியிருக்கிறேன்.