முழு கேக்

எங்கள் ராஜபாளையம் பேக்கரியில் முழு பிஸ்கட் வாடிக்கையாளருக்கு. உடைந்தது, கருகியது, கேக்கின் ஓரம் எல்லாம் குடும்பத்துக்கு. மகளை அப்படித்தான் வளர்த்தோம். அவளுடைய ஆறாவது பிறந்தநாளுக்கு மட்டும் பெயரெழுதி முழு கேக் ஒன்று செய்து வைத்தேன்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். “மகனுக்குப் பொறந்தநாளு, மறந்தே போச்சு அண்ணாச்சி. கேக் இருக்கா?”

நான் வாய் திறப்பதற்குள் மகள் முந்தினாள். “இருக்கு மாமா. எப்பா, எம் பேரை மட்டும் வழிச்சிட்டுக் குடுங்க.”

“ஏட்டி, அது உனக்குள்ளது!” என்றாள் மனைவி.

“முழுசால்ல இருக்கு?”

மனைவி என்னைப் பார்த்த சூட்டில் ஒரு தட்டு பன் வெந்திருக்கும். வேறு வழியில்லாமல், கட்டைவிரலால் கேக்கின் விளிம்பை நசுக்கினேன்.

“அச்சச்சோ, ஒடஞ்சிருச்சா?” மகளின் முகம் மலர்ந்தது. “மாமா, இது இனி எங்களுக்கு. நீங்க பப்ஸ் வாங்கிட்டுப் போங்க.”